முந்திக்கொண்ட பிளெக்ஸ்

பேசாமல் இருந்தால் பிரச்சினை வராது என்று நினைப்பவர்களுக்குத் தம்பி கிடையாது. எனக்கு ஒருவன் இருக்கிறான்.

பெயர் குமரேசன். பழைய பைக் வாங்கி விற்கிறவன். பேசியே விற்கிறவன். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து வந்த பேச்சு மொத்தமும் அவனிடம் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது ‘ம்’ ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டே பாலக்கரையில் இட்லி மாவு வியாபாரம் செய்து ஒரு பெண்ணை வளர்த்தேன். மாவு புளிக்காமல் இருந்தால் போதும், விற்கிறவள் பேச வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை. “அடுத்த வருஷம் வந்துடறேன்” என்பார். வருஷா வருஷம் தவறாமல் சொல்லிவிடுவார். (அந்த ஒரு விஷயத்தில் ரொம்ப ஒழுங்கு.)

மகள் சங்கவி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தாள். கணக்கு படிக்க வேண்டும் என்றாள். அதுவும் அந்தக் கல்லூரியில்தான் என்றாள். கல்லூரி பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் குடும்பத்தால் அவர்களுக்கு நேர்ந்தது போதும். திருச்சியில் கணக்கு படிக்கிற பெண்கள் எல்லோரும் முதலில் அங்கேதான் விண்ணப்பம் போடுவார்கள் என்று மட்டும் தெரிந்தால் சரி.

லிஸ்ட் போட்ட அன்று இரண்டு பேரும் போனோம். கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டியிருந்தார்கள். இடம் கிடைத்தவர்கள் பெயர் மேலே. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெயிட்டிங் லிஸ்ட். அதில் காயத்ரி, ஆயிஷா, ஜெனிஃபர். நாலாவதாக எங்கள் சங்கவி.

“மேல இருக்குறவங்க யாராச்சும் இன்ஜினியரிங், மெடிக்கல்னு போனா, கீழ இருக்குறவங்களக் கூப்புடுவாங்கம்மா,” என்றாள் சங்கவி. குரல் தேய்ந்துபோயிருந்தது.

“ம்,” என்றேன். ஆறுதல் சொல்லியாயிற்று.

வீட்டுக்கு வந்து கிரைண்டரில் அரிசியைப் போட்டேன். அப்போது தம்பி போன் செய்தான். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே அவன் குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

“அக்கா, லிஸ்ட் போட்டாங்களாமே?”

“ம்.”

“பாப்பா பேரு இருக்கா?”

“இருக்கு.”

“அவ்ளோதான்க்கா. அது போதும்.”

போனை வைத்துவிட்டான். பேர் இருக்கத்தான் செய்தது. நான் பொய் சொல்லவில்லை. ‘ஆனா’ என்று ஆரம்பித்து இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அரிசி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றுகிற நேரம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அப்புறம் என்பது மறுநாள் காலையில் வந்தது. தெருமுனையில், மின்கம்பத்துக்கும் டீக்கடைக் கூரைக்கும் நடுவில், கட்டில் அகலத்துக்கு ஒரு பிளெக்ஸ்.

‘எங்கள் குலத்தின் கணித மேதையே’ என்று ஆரம்பித்தது. ‘கல்லூரியில் இடம் பிடித்து பாலக்கரைக்குப் பெருமை சேர்த்த’ என்று நடுவில் ஓடியது. ‘தாய்மாமன் குமரேசன்’ என்று முடிந்தது. சங்கவியின் படம் ஒரு மூலையில், கண் பாதி மூடியபடி. ஏதோ காதுகுத்து விழாவில் எடுத்ததை வெட்டி ஒட்டியிருந்தான். தம்பி படம் அதைவிடப் பெரிது. வெள்ளைச் சட்டை, காதில் போன். (யாரிடம் அப்படிப் பேசிக்கொண்டிருக்கிறான் என்று இன்று வரை தெரியவில்லை.) கீழே வரிசையாகச் சொந்தக்காரர்கள். சித்தப்பா, பெரியப்பா, சங்கவி யாரென்றே தெரியாத சில பேர்.

இவர்கள் எல்லோரையும்விடப் பெரிதாக, மேலே நடுவில், கல்லூரி முதல்வர் அம்மாவின் படம். கம்ப்யூட்டரில் தேடி எடுத்தானாம். பக்கத்தில், ‘இடம் வழங்கிய தாயுள்ளத்துக்கு நன்றி’.

சங்கவி பால் வாங்கப் போனவள் பால் இல்லாமல் திரும்பி வந்தாள்.

“அம்மா, மாமாகிட்ட என்ன சொன்னே?”

“பேர் இருக்குன்னேன்.”

“வெயிட்டிங்னு சொன்னியா?”

நான் சட்னிக்குத் தேங்காய் உடைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

உடனே தம்பியைக் கூப்பிட்டு இறக்கச் சொல்லியிருக்கலாம். புத்தியுள்ளவள் அதைத்தான் செய்வாள். நான் யோசித்தேன். பிளெக்ஸை இறக்கினால் அதில் சிரித்துக்கொண்டிருக்கிற அத்தனை வீட்டாரும் காரணம் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேச வேண்டும். அதற்குப் பதில் சங்கவிக்கு இடமே கிடைத்துவிட்டால் ஒரு பேச்சும் வேண்டாம். பிளெக்ஸ் அப்படியே உண்மையாகிவிடும். எனக்கு இதுதான் சுலபமாகப் பட்டது.

சாயங்காலம் மாவு வாங்க வந்தவர்கள் எல்லோரும் தூக்குவாளியை நீட்டிக்கொண்டே வாழ்த்தினார்கள்.

“பாப்பாவுக்குக் கிடைச்சிருச்சாமே. சிபாரிசு ஏதாச்சும் உண்டாங்க்கா?”

“ம்ஹூம்.”

“பின்ன எப்படி?”

“படிச்சா.”

சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். தம்பி பிளெக்ஸைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். அறையில் கூட இருப்பவர்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்துவிட்டாராம். குரல் தழுதழுத்தது. கடல் தாண்டி ஆனந்தக் கண்ணீர் வடிக்கிற மனுஷனிடம் வெயிட்டிங் லிஸ்டைப் பற்றி எப்படிச் சொல்வது. “ம்” என்றேன்.

மாநகராட்சிக்காரர்கள் வந்து பிளெக்ஸைக் கிழிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. வந்தார்கள். இந்தப் பக்கம் இருந்த கல்யாண பிளெக்ஸையும் அந்தப் பக்கம் இருந்த கண்ணீர் அஞ்சலியையும் கழற்றினார்கள். எங்களுடையதைத் தொடவில்லை.

“இது படிப்பு விஷயம்மா. இருந்துட்டுப் போகட்டும்,” என்றார் ஒருவர்.

நாட்டில் கல்விக்கு மரியாதை இல்லை என்று யார் சொன்னது.

மனுஷர்களால் ஆகாது என்று தெரிந்தபின் கோயிலுக்குப் போனேன். சங்கவிக்கு முன்னால் இருப்பது மூன்று பேர். அவர்கள் மூவருக்கும் வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டால் முதலில் காலியாகிற சீட் எங்களுக்கு. ஆகவே அவர்கள் பெயருக்கு வேண்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஊரான் பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்று நான் மனசார வேண்டிக்கொண்டது அந்த ஒரு வாரம்தான்.

காயத்ரிக்கு ஸ்ரீரங்கம். பஸ் பிடித்துப் போய் சக்கரத்தாழ்வார் சன்னதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

“பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ,” என்றார் பட்டர்.

“காயத்ரி. நட்சத்திரம் தெரியாது.”

“கோத்திரம்?”

“தெரியாதுங்க.”

“உங்களுக்கு என்ன உறவு?”

கொஞ்சம் யோசித்தேன். “எங்களுக்கு முன்னாடி நிக்கிற பொண்ணு.”

பட்டர் வரிசையைப் பார்த்தார். எனக்கு முன்னால் வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர்தான் நின்றிருந்தார். “பெருமாள் பேருக்கே பண்ணிடறேன்,” என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

ஆயிஷாவுக்கு நத்தர்வலி தர்கா. சர்க்கரைப் பொட்டலம் கொண்டுபோனேன். ஓதுகிற பெரியவர் கேட்டார்.

“யாருக்கும்மா? உடம்புக்கு முடியலையா?”

“நல்லாத்தான் இருக்கு. பெரிய காலேஜ்ல இடம் கிடைக்கணும். வெளியூரா இருந்தா நல்லது.”

“உங்களுக்குத் தெரிஞ்ச புள்ளையா?”

“பாத்ததே இல்லீங்க.”

பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்ல மனசும்மா உங்களுக்கு. துஆ செய்றேன்,” என்றார்.

மறுக்கவில்லை. அந்தப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜெனிஃபருக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. சகாய மாதா கோயில் எங்கள் பாலக்கரையிலேயே இருக்கிறது. மெழுகுவர்த்தி ஏற்றி, இந்தப் பெண்ணுக்கு நல்ல நர்சிங் காலேஜாகக் கிடைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். நர்சிங் என்பது நானே தேர்ந்தெடுத்தது. பெயருக்குப் பொருத்தமாகத் தோன்றியது. (அவ்வளவுதான் என் அறிவு.)

வேண்டுதல் முடிந்த கையோடு கல்லூரியிலிருந்து போன் வந்தது. நாளைக் காலை பெற்றோர் முதல்வரைப் பார்க்க வர வேண்டும் என்றார்கள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, இடம் கிடைத்துவிட்டது. மூன்று சாமிகளும் சேர்ந்து இவ்வளவு சீக்கிரம் வேலை செய்ததில் எனக்கே ஆச்சரியம்.

சங்கவியின் முகம் பல நாளைக்கு அப்புறம் தெளிந்தது. அவளே தம்பிக்குப் போன் போட்டாள். “மாமா, பிரின்சிபால் கூப்புட்டுருக்காங்க,” என்றாள்.

தம்பி மறுநாள் காலை வந்து நின்றான். பிளெக்ஸில் இருந்த அதே வெள்ளைச் சட்டை. கையில் ஆப்பிள், ஆரஞ்சு அடுக்கிய தட்டு. அக்குளில் கண்ணாடித் தாள் சுற்றிய பொன்னாடை.

“இது எதுக்குடா?”

“இடம் குடுத்தவங்களுக்கு மரியாதை செய்யணுமா வேணாமாக்கா? நீ சும்மா வா.”

சும்மாதான் போனேன். சங்கவியும் கூட வந்தாள்.

முதல்வர் அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் ஏற்கனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயது இருக்கும். கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி எங்களை முறைத்தாள். வேறு யாருடைய பிரச்சினையோ என்று நினைத்தேன்.

முதல்வர் அம்மா நிமிர்ந்து பார்ப்பதற்குள் தம்பி தட்டை மேசைமேல் வைத்தான். பொன்னாடையைப் பிரித்து என் கையில் திணித்தான். “அக்கா, நீ போத்துக்கா. நான் போத்துனா நல்லா இருக்காது.”

போர்த்தினேன். அந்த அம்மா தடுக்கக் கையைத் தூக்கியபோது பொன்னாடை தோளில் விழுந்துவிட்டது. தம்பி கைதட்டினான். அந்த அறையில் வேறு யாரும் தட்டவில்லை.

“நீங்கதான் சங்கவி அம்மாவா?” என்றார் முதல்வர். பொன்னாடையைக் கழற்றக்கூட மறந்துவிட்டார். மேசையில் இருந்த செல்போனை எங்கள் பக்கம் திருப்பினார். “இது என்னன்னு சொல்லுங்க.”

தெருமுனை பிளெக்ஸ். அந்தச் சின்னத் திரையிலும் தம்பி பளிச்சென்று தெரிந்தான்.

“நாங்கதான் மேடம் வச்சது,” என்றான் தம்பி பெருமையாக. “உங்க போட்டோ இன்னும் கொஞ்சம் நல்லதா கிடைச்சிருந்தா...”

“உங்க பொண்ணு படத்தவிட என் படம் ரெண்டு மடங்கு இருக்கு. அது போகட்டும். இவங்க பொண்ணு வெயிட்டிங் லிஸ்ட்ல மூணாவது. உங்க பொண்ணு நாலாவது. மூணாவதா இருக்குறவளுக்கே இன்னும் வரல. நாலாவதா இருக்குறவளுக்கு எப்படி வந்துச்சுன்னு இவங்க கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?”

அந்தப் பெண் ஜெனிஃபரின் அம்மா. கே.கே. நகரிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் சகாய மாதா கோயில் நவநாளுக்கு வருகிறவளாம். வந்த இடத்தில் பிளெக்ஸைப் பார்த்திருக்கிறாள். நான் மெழுகுவர்த்தி ஏற்றிய அதே கோயிலுக்கு வந்தவள். மாதாவைக் குறை சொல்ல முடியாது. கேட்ட பெண்ணுக்குத்தான் உதவியிருக்கிறாள்.

தம்பி என் பக்கம் திரும்பினான். அவன் வாயடைத்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

“அக்கா. வெயிட்டிங்கா?”

“ம்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா.”

முதல்வர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “தாயுள்ளத்துக்கு நன்றின்னு என் படத்தைப் போட்டா, சீட்டை வித்துட்டேன்னுதான் ஊர்ல பேசுவாங்க. நீங்க யாருக்காவது பணம் குடுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. உங்க பொண்ணு பேரை லிஸ்ட்லேருந்து எடுக்க எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது.”

சங்கவி வாசல் ஓரத்தில் நின்றிருந்தாள். அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் பேசாததால் வந்த வினை, இப்போது பேசித்தான் தீர வேண்டும் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

பேசினேன்.

“பணம் குடுக்கலங்க. பேர் இருக்கான்னு இவன் கேட்டான். இருக்குன்னேன். வெயிட்டிங்னு சொல்லல. என் தப்பு. பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. காசு குடுத்துச் சீட்டு வாங்கியிருந்தா நான் ஏன் ஸ்ரீரங்கத்துக்கும் தர்காவுக்கும் அலையணும்? இவங்க பொண்ணுக்கு ஏன் மெழுகுவத்தி ஏத்தணும்?”

ஜெனிஃபரின் அம்மா கைப்பையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது.

“என் பொண்ணுக்கா? எதுக்குங்க?”

“நர்சிங் கிடைக்கணும்னு.”

“அய்யோ. அவ ரத்தத்தைப் பாத்தா மயங்கி விழுந்துடுவாங்க. கொசு அடிச்சாலே தலை சுத்தும் அவளுக்கு.”

“தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா டீச்சர் வேலைக்குக் கேட்டிருப்பேன்.”

முதல்வர் மேசையில் இருந்த ஏதோ காகிதத்தைக் குனிந்து பார்த்தார். தோளில் பொன்னாடை குலுங்கியது. நிமிர்ந்தபோது முகம் பழையபடி ஆகியிருந்தது. பெயர் லிஸ்டில் இருக்கும், வரிசைப்படிதான் கூப்பிடுவோம், பிளெக்ஸ் சாயங்காலத்துக்குள் இறங்க வேண்டும், அவர் படம் தெருவில் எங்கேயும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பொன்னாடையையும் ஞாபகமாகத் திருப்பிக் கொடுத்தார். பழத்தட்டை நானே எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து ஜெனிஃபரின் அம்மாவிடம் இரண்டு ஆப்பிளைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

வேண்டுதல் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். காயத்ரி கோயம்புத்தூருக்கு இன்ஜினியரிங் போனாள். ஆயிஷாவுக்குச் சென்னை. நான் கேட்டபடியே வெளியூர். அதற்கப்புறம் ஒரே ஒரு சீட் காலியானது. அது ஜெனிஃபருக்குப் போனது. லிஸ்டை மூடிவிட்டார்கள். மாதாவுக்கு அந்தப் பெண்ணின் மயக்கம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சங்கவி அன்று சாப்பிடவில்லை. தோசை ஊற்றி வைத்தேன். ஆறிப்போனது. இன்னொன்று ஊற்றினேன்.

“அம்மா, ஏதாச்சும் சொல்லேன்,” என்றாள்.

“படி.”

“எங்க?”

“எங்க இடம் குடுக்குறாங்களோ அங்க. கணக்கு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.”

கொஞ்ச நேரம் கழித்துத் தோசையைப் பிய்த்தாள். “இது ஆறிடுச்சு,” என்றாள். மூன்றாவது ஊற்றினேன்.

ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். காலையில் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போய் அங்கிருந்து இன்னொரு பஸ். போகும்போது நின்றுகொண்டு, வரும்போது தொங்கிக்கொண்டு. வாழ்த்தியவர்கள் எல்லோரும் தூக்குவாளியோடு வந்து இந்த முறை துக்கம் விசாரித்தார்கள். துக்கம் விசாரித்தாலும் மாவு அதே அளவுதான் வாங்கினார்கள். புதிதாக ஒரு வாடிக்கை மட்டும் சேர்ந்தது. புதன்கிழமை நவநாள் முடித்துவிட்டு ஜெனிஃபரின் அம்மா என்னிடம் மாவு வாங்கிக்கொண்டுதான் கே.கே. நகருக்குப் பஸ் ஏறுவாள்.

பிளெக்ஸை இறக்கியபின் என்ன செய்வது என்று தெரியவில்லை. நல்ல கெட்டியான ஷீட். கிரைண்டர் இருக்கிற பக்கம் சாயங்கால வெயில் அடிக்கும். அங்கே மறைப்பாகக் கட்டினேன். முதல்வர் படம் தெருவில் தெரியக் கூடாது என்று சொல்லியிருந்தாரே, அதனால் அச்சடித்த பக்கத்தை உள்ளே பார்த்துத் திருப்பினேன். மூன்று வருஷம் அந்த அம்மா முகத்தில் முழித்துத்தான் மாவு அரைத்தேன். அவரும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். உளுந்து அளவு குறைக்க மனசு வராது.

சங்கவி பட்டம் வாங்கினாள். மேலே படிக்க அதே கல்லூரிக்குத்தான் விண்ணப்பம் போட்டாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்ததோ. லிஸ்ட் இப்போது செல்போனிலேயே வந்துவிடுகிறது. பார்த்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்தாள். மறுபடியும் கோட்டுக்குக் கீழே. ஆனால் இந்த முறை முதல் பெயர்.

தம்பி கூப்பிட்டான். “அக்கா, பாப்பா பேரு இருக்கா?”

கிரைண்டரை நிறுத்தினேன். “இருக்கு. ஆனா வெயிட்டிங். இடம் இன்னும் கிடைக்கல. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பிளெக்ஸ் அடிக்காத. பழம் வாங்காத. யார்கிட்டயும் சொல்லாத.”

தம்பி மெதுவாகக் கேட்டான். “இவ்ளோ பேசுறியேக்கா, உடம்பு சரியில்லையா?”

அடுத்த வாரம் கூப்பிட்டார்கள். இடம் கிடைத்தது. சேர்க்கைக்கு நானும் போனேன். முதல்வர் அம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். “தம்பி வரலியா?” என்றார்.

“வேணாம்னுட்டேங்க.”

“நல்ல காரியம்,” என்றார்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். கிரைண்டர் பக்கம் போய் நின்றான். பிளெக்ஸை மேலிருந்து கீழே படித்தான். கணித மேதை. கல்லூரியில் இடம். பாலக்கரைக்குப் பெருமை. தாயுள்ளம்.

“இதுல ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லக்கா இப்ப,” என்றான். “நான் கொஞ்சம் முன்னாடி சொல்லிட்டேன். அவ்ளோதான்.”

அதிலிருந்து வீட்டில் இதுதான் பேச்சு. மாமா பிளெக்ஸ் அடித்தால் லேட்டானாலும் நடக்கும். சித்தப்பா மகனுக்குப் பெண் அமையவில்லையா, மாமாவை ஒரு பிளெக்ஸ் அடிக்கச் சொல். தண்ணீர் வரவில்லையா, அடிக்கச் சொல். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் செல்போனில் முகம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வழக்கம்போல அடுத்த வருஷம் என்றார். சங்கவி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் சொன்னாள்.

“மாமா, அப்பா ஊருக்கு வந்துட்டாருன்னு ஒண்ணு அடிச்சிருங்க. அப்பதான் வருவாரு.”

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும், மாவு வியாபாரம் எப்படி என்று பேச்சை மாற்றினார்.

தம்பி மறுநாள் படம் கேட்டு வந்தான். பெட்டியைத் திறந்து இருந்ததையெல்லாம் எடுத்து வைத்தேன். கிளம்பிப் போனபோது எடுத்தது ஒன்று, போன வருஷம் அனுப்பியது ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“எதை வைக்கிறதுக்கா? முடி இருக்குறதயா, முடி இல்லாததயா?”

“வரும்போது எப்படி இருப்பாரோ அதை,” என்றேன்.